உண்டியல் கோபுரமும் செயற்கைக் காலும்: உரிமைப் போராட்டம் கண்காட்சிக்குள் வரும்போது

கேள்வி இது: மாற்றுத்திறனாளிகளின் உரிமைப் போராட்டத்தை மையமாக வைத்து நடக்கும் கலைக் கண்காட்சிகள், 'மாற்றுத்திறனாளிகள் வரைந்த ஓவியங்கள்' என்று வழக்கமாக நடப்பவற்றிலிருந்து எப்படி வேறுபடுகின்றன? தெருவில் நடந்த போராட்டத்தைக் கொண்டுபோய்க் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் அதன் சூடு ஆறிவிடாதா? எதிலிருந்து பார்க்கத் தொடங்கலாம் என்றும் கூடவே கேட்டிருக்கிறீர்கள்.

வேறுபாட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன். வழக்கமான கண்காட்சிக்கு வருபவர் பெரும்பாலும் கலைஞரின் உடலைத்தான் பார்க்கிறார். வாயால் தூரிகை பிடித்து வரைந்தாராம் என்ற வியப்போடு வருகிறார், அதே வியப்போடு திரும்பிப் போகிறார். ஓவியம் நன்றாக இருக்கிறதா, அது என்ன சொல்கிறது என்று கேட்பவர் குறைவு. போராட்டக் கலை அந்தப் பார்வையைப் பிடித்துத் திருப்புகிறது. படிக்கட்டைப் பார், பேருந்தின் வாசலைப் பார், உதவித்தொகைப் படிவத்தைப் பார், நன்கொடை உண்டியலைப் பார் என்கிறது.

இந்தத் திருப்பத்துக்குப் பின்னால் ஒரு சிந்தனை இருக்கிறது. 1976-ல் பிரிட்டனில் உடல் குறைபாடுள்ளவர்களே நடத்திய ஒரு சங்கம் சிறிய ஆவணம் ஒன்றை வெளியிட்டது. உடலில் இருக்கும் குறைபாடு ஒன்று, அதன் மேல் சமூகம் கொண்டுவந்து சுமத்தும் முடக்கம் வேறொன்று என்று அது பிரித்துச் சொன்னது. கால் நடக்காதது உடல் சார்ந்த விஷயம். நூலகத்துக்குள் போக முடியாதது, நூலகத்தைக் கட்டியவர் எடுத்த முடிவு. பிரிட்டிஷ் சமூகவியலாளர் மைக் ஆலிவர் 1980-களில் இதற்குச் 'சமூக மாதிரி' என்று பெயர் வைத்தார். இதைப் பிடித்துக்கொண்டால் கீழே சொல்லும் படைப்புகள் எல்லாம் எளிதாகத் திறந்துகொள்ளும்.

சரி, இந்தக் கலை எங்கிருந்து வந்தது? அதன் ஒரு முக்கியமான ஊற்று தொலைக்காட்சி நிலைய வாசலில் இருக்கிறது. பிரிட்டனில் ஐடிவி தொலைக்காட்சி 'டெலிதான்' என்ற பெயரில் மணிக்கணக்காக ஓடும் நிதி திரட்டும் நிகழ்ச்சிகளை நடத்தியது. பிரபலங்கள் பாடுவார்கள், ஆடுவார்கள். நடுநடுவே மாற்றுத்திறனாளிகளின் சோகக் கதைகள் வரும், பார்ப்பவர் கண் கலங்கிப் பணம் அனுப்புவார். 1990-லும் 1992-லும் இதை எதிர்த்து, லண்டன் தேம்ஸ் தென்கரையில் இருந்த ஸ்டுடியோவின் முன்னால் மாற்றுத்திறனாளிகள் திரண்டார்கள். பார்பரா லிசிக்கியும், ஜானி கிரசென்டோ என்ற மேடைப் பெயரில் பாடிய ஆலன் ஹோல்ட்ஸ்வொர்த்தும் முன்னின்று நடத்தினார்கள். 1992-ல் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். 'உங்கள் பரிதாபத்தின் மேல் மூத்திரம் பெய்கிறோம்' என்ற பொருள்படும் வாசகம் அவர்கள் டி-ஷர்ட்டில் இருந்தது. கடுமையான வாசகம்தான். ஆனால் பல வருடங்கள் தங்கள் முகத்தை வைத்துப் பிச்சை கேட்கப்படுவதைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் வேறு எந்த மொழியில் பேசியிருக்க முடியும்? அந்த ஆண்டுக்குப் பிறகு டெலிதான் நடக்கவில்லை.

இந்தப் போராட்டத்தின் நடுவில்தான், என் கணிப்பில் இந்தத் துறையின் மிகக் கூர்மையான படைப்பு பிறந்தது. சிற்பி டோனி ஹீட்டன் சக்கர நாற்காலி பயன்படுத்துபவர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட நன்கொடை உண்டியல்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, ஆள் உயரத்துக்கும் மேலே போகும் கோபுரமாக்கினார். பிறகு பூட்ஸ் மாட்டிய ஒரு செயற்கைக் காலை அதன் மேல் வீசி எறிந்தார். கோபுரம் சரிந்தது. 1992-ல், டெலிதான் எதிர்ப்பின் ஒரு பகுதியாகவே இது நடந்தது. அந்த அடுக்கின் வடிவத்தைக் கவனியுங்கள்: கூர்மையான உச்சி, அகலமான அடி. தொண்டு நிறுவனங்களின் உச்சியில் யார் உட்கார்ந்திருந்தார்கள், அவர்களைத் தாங்கிக்கொண்டு அடியில் யார் கிடந்தார்கள் என்பதை அந்த வடிவமே சொல்லிவிடுகிறது. எறியப்பட்டது கல்லோ சுத்தியலோ இல்லை, 'உனக்காக வாங்கித் தருகிறோம்' என்று நன்கொடையாளரிடம் காட்டும் அதே செயற்கைக் கால். வார்த்தையே இல்லாமல் ஒரு முழு வாதம் முடிந்துவிடுகிறது.

இரண்டு ஆண்டு கழித்து அவர் செய்த இன்னொரு சிற்பத்தில் கூச்சலே கிடையாது. பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவை கொடுத்த சாம்பல் நிறச் சக்கர நாற்காலிகளைக் கழற்றி, அந்தப் பாகங்களை வைத்து பிரிட்டன் நாட்டின் வரைபடத்தைச் சுவரில் உருவாக்கினார். தூரத்திலிருந்து பார்த்தால் பள்ளிக்கூட வரைபடம். பக்கத்தில் போனால் சக்கரம், கைப்பிடி, கால் வைக்கும் பலகை. இந்த நாடு எங்களாலும் ஆனதுதான் என்று எடுத்துக்கொள்ளலாம். நாங்கள் பார்க்கும் நாடு இதுதான் என்றும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டுமே சரியாகத்தான் இருக்கிறது.

அதே காலத்தில் தெருவில், 1993-ல் தொடங்கிய நேரடி நடவடிக்கைக் குழுவினர் ஏற முடியாத பேருந்துகளோடு தங்களைக் கைவிலங்கால் பூட்டிக்கொண்டார்கள். 1995-ல் பாகுபாட்டுக்கு எதிரான சட்டம் வந்தது. கடைகளும் அலுவலகங்களும் கட்டடத் தடைகளை நீக்க வேண்டும் என்ற கடமை 2004-ல்தான் நடைமுறைக்கு வந்தது. அந்த ஆண்டு கரோலின் கார்டஸ் என்ற கலைஞர் ஒரு காரியம் செய்தார். மாற்றுத்திறனாளிகளிடம் பேசி, அவர்கள் அன்றாடம் சந்திக்கும் தடைகளைச் சாலைக் குறியீட்டுப் பலகைகளாக மாற்றினார். வண்ணமும் எழுத்தும் உண்மையான சாலைப் பலகை மாதிரியே இருக்கும், வாசகம் மட்டும் எரிச்சலும் கேலியுமாக இருக்கும். சட்டம் வந்துவிட்டது, பிரச்சினை தீர்ந்தது என்று அதிகாரிகள் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் இது வந்தது என்பதுதான் அதன் பலம். அந்தப் பலகைகள் பல ஊர்களுக்கும் போயின.

அமெரிக்காவில் கதை வேறு மாதிரி. அங்கே முதலில் நினைவுக்கு வருவது புகைப்படங்கள். 1977 ஏப்ரல் 5 அன்று, சான் பிரான்சிஸ்கோவில் மத்திய அரசுக் கட்டடத்துக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட மாற்றுத்திறனாளிகளும் துணையாளர்களும் புகுந்து உட்கார்ந்துவிட்டார்கள். அரசுப் பணம் பெறும் எந்த நிறுவனமும் மாற்றுத்திறனாளிகளிடம் பாகுபாடு காட்டக் கூடாது என்று 1973-லேயே சட்டம் இருந்தது, அதன் விதிகளில் கையெழுத்துப் போடாமல் அரசு இழுத்தடித்தது. மூன்று வாரத்துக்கும் மேலாக அவர்கள் வெளியே வரவில்லை. தொலைபேசி இணைப்பு துண்டிக்கப்பட்டபோது, காதுகேளாதவர்கள் ஜன்னல் வழியாகச் சைகை மொழியில் வெளியே இருந்தவர்களுக்குச் செய்தி சொன்னார்கள். கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய பிளாக் பாந்தர் கட்சியினர் சூடான சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தார்கள். ஏப்ரல் 28 அன்று விதிகளில் கையெழுத்தானது.

இந்த முற்றுகையைப் பற்றிய 'பேஷன்ட் நோ மோர்' என்ற கண்காட்சியை, சான் பிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் பால் லாங்மோர் நிறுவனம் 2015-ல் நடத்தியது. நடந்த இடம் முக்கியம்: பெர்க்லியில், மாற்றுத்திறனாளர் உரிமைப் போராளி ஒருவரின் பெயர் தாங்கி இருக்கும் எட் ராபர்ட்ஸ் வளாகம். உள்ளே நுழைந்ததும் மாடிக்குச் சுழன்று ஏறும் ஒரு பெரிய சிவப்புச் சாய்தளம் கண்ணில் படும். பொதுவாகக் கட்டடங்களில் சாய்தளம் எங்கே இருக்கும்? பின்பக்கம், குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில். இங்கே அதுதான் கட்டடத்தின் முகம். முற்றுகையில் போராடியவர்கள் கேட்டதன் விளைவு என்ன என்பதைக் கண்காட்சி தனியாக எழுதிவைக்கத் தேவையில்லாமல் போனது, கட்டடமே அதைச் சொல்லிக்கொண்டிருந்தது.

1990 மார்ச்சில் வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடமான கேப்பிடலின் படிகளில், சக்கர நாற்காலிகளையும் ஊன்றுகோல்களையும் கீழே விட்டுவிட்டுக் கைகளால் ஊர்ந்து ஏறியவர்களின் படங்களை நீங்கள் பார்த்திருக்கலாம். அவர்களில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியும் இருந்தாள். அந்தப் போராட்டங்களோடு பல ஆண்டுகள் கூடவே சுற்றிய டாம் ஓலின் எடுத்த படங்கள் இன்று பல கண்காட்சிகளில் இடம்பெறுகின்றன. ஜூலையில் அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் கையெழுத்தானது. ஊர்ந்து ஏறும் காட்சி மறுபடியும் பரிதாபத்தைத்தான் கிளப்பும் என்ற தயக்கம் அப்போது இயக்கத்துக்குள்ளேயே சிலருக்கு இருந்தது. அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன், ஆனாலும் அந்தப் படங்களின் பக்கம்தான் நிற்கிறேன். ஓலினின் படங்களில் கேமரா மேலேயிருந்து குனிந்து பார்ப்பதில்லை, போராடுபவரின் கண் உயரத்தில் இருக்கிறது. தொண்டு விளம்பரப் படத்தில் ஒரு குழந்தை தனியாக, இருட்டின் முன்னால் உட்கார்ந்திருக்கும். இங்கே ஒரு கூட்டமே ஒன்றாக மேலே போகிறது.

இனி, பிரிட்டிஷ் கலைஞர் லிஸ் குரோ. இவரைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் போராட்டம் என்றால் கோஷம் என்ற எண்ணத்தை இவர் அளவுக்கு மாற்றியவர்கள் குறைவு.

2009-ல் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தின் காலிப் பீடத்தில் பொதுமக்கள் ஆளுக்கு ஒரு மணி நேரம் நிற்கலாம் என்று ஒரு கலைத் திட்டம் நடந்தது. குரோ தன் சக்கர நாற்காலியில், நாஜிச் சீருடை அணிந்து அங்கே உட்கார்ந்தார். பார்த்தவர்கள் அதிர்ந்துபோனார்கள். அதிர வேண்டும் என்பதுதான் நோக்கம். ஹிட்லரின் ஜெர்மனியில் 'டி4' என்ற திட்டத்தின் கீழ், 1940-லும் 41-லும் மட்டும் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றுத்திறனாளிகளும் மனநோயாளிகளும் நச்சுவாயு அறைகளில் கொல்லப்பட்டார்கள். அந்த அறைகளை நடத்தியவர்களில் பலர் பிறகு பெரிய வதை முகாம்களுக்கு வேலைக்குப் போனார்கள். வரலாற்றுப் பாடம் ஒரு வரியில் கடந்துபோகும் விஷயத்தை ஒரு சதுக்கத்தின் நடுவில் தூக்கி வைத்தார் குரோ.

அதற்கு நேர் எதிரான அமைதியில் நடந்தது 2013-ல் சாலிஸ்பரி கலை மையத்தில் அவர் செய்த நிகழ்த்துகலை. ஒரு கட்டில். அதில் 48 மணி நேரம் அவர் படுத்திருந்தார். பிரிட்டனில் அப்போது அரசு உதவித்தொகைகளைக் கடுமையாக வெட்டிக்கொண்டிருந்தார்கள், உதவி பெறுபவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்தன. குரோ வெளியில் வரும்போது சுறுசுறுப்பாகத் தெரிவார். வீட்டுக்குள் பெரும்பகுதி நேரம் படுக்கையில் கழியும். வெளியே தெரியும் ஆளைப் பார்த்து 'இவருக்கு என்ன குறை' என்று மதிப்பீட்டு அதிகாரி எழுதிவிடுவார். ஆகவே, யாரும் பார்க்காத அந்தப் பாதியை அவர் எல்லோர் முன்னாலும் வைத்தார். பார்வையாளர்கள் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து பேசினார்கள். படுக்கையைவிட்டு எழ முடியாதவர்கள் தங்கள் படுக்கையிலிருந்தே இணையத்தில் அந்த உரையாடலில் கலந்துகொண்டார்கள். தெருவுக்கு வர முடியாதவர்கள் எப்படிப் போராடுவது என்ற கேள்விக்கு நான் பார்த்ததில் மிக நேர்மையான பதில் இதுதான்.

2015 பொதுத் தேர்தலுக்கு முன்பு அவர் தேம்ஸ் கரையில் உட்கார்ந்து ஆற்று மண்ணால் 650 சிறிய மனித உருவங்களைச் செய்தார். ஒவ்வொன்றும் அரசு உதவி வெட்டுகளால் பாதிக்கப்பட்ட ஒருவருக்காக. பிரிட்டிஷ் மக்களவையின் தொகுதிகளும் 650. பிறகு அந்த உருவங்கள் நெருப்பில் சுடப்பட்டன, பாதிக்கப்பட்டவர்களின் கதைகள் உரக்க வாசிக்கப்பட்டன. கடைசியில் எல்லாவற்றையும் பொடியாக்கிக் கடலில் கரைத்துவிட்டார்கள். விற்கவோ சேகரிக்கவோ ஒன்றும் மிச்சமில்லை. அடுத்த ஆண்டு ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமைக் குழு, பிரிட்டனின் அந்த வெட்டுகள் கடுமையான அல்லது திட்டமிட்ட உரிமை மீறலுக்கு வழிவகுத்தன என்று தன் விசாரணை அறிக்கையில் சொன்னது.

அப்புறம், இன்னொரு வகை இருக்கிறது. கண்காட்சிக் கூடத்தையே கூண்டில் ஏற்றும் படைப்புகள்.

பார்க் மெக்ஆர்தர் என்ற கலைஞர் 2014-ல் நியூயார்க்கில் ஒரு கேலரியின் தரையில் சாய்தளங்களைப் பரப்பி வைத்தார். சில உலோகம், சில கையில் கிடைத்த பலகையை வைத்து அவசரத்துக்குத் தட்டியவை. எல்லாமே சக்கர நாற்காலியில் வரும் அவருக்காகப் பல கலை நிறுவனங்கள் வைத்திருந்தவை. அவற்றை எடுத்துக்கொண்டு வந்துவிட்டு, அந்தந்த நிறுவனத்தின் வாசலில் 'சாய்தளம் இப்போது இங்கே இல்லை' என்று தெரிவிக்கும் அறிவிப்பை வைத்தார். கண்காட்சி நடந்த நாள்கள் முழுக்க, படி ஏற முடியாத யாரும் அந்த நிறுவனங்களுக்குள் போக முடியாது. கேலரியில் தரையில் கிடந்ததோ ஏறக்குறைய குப்பை போன்ற பலகைகள். ஒருவர் கலை பார்க்கும் உரிமை எவ்வளவு மெலிதான பலகையின் மேல் நிற்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது.

ஷானன் ஃபின்னகன் என்ற கலைஞர் பெஞ்சுகள் செய்கிறார். நீலப் பெஞ்சு, அதன் மேல் வெள்ளை எழுத்து: 'இந்தக் கண்காட்சி என்னை ரொம்ப நேரம் நிற்கவைத்துவிட்டது. ஒத்துக்கொண்டால் உட்காருங்கள்.' உட்காருபவர் எல்லோரும் போராட்டத்தில் சேர்ந்துவிடுகிறார்கள், முட்டி வலிக்கும் முதியவரும் குழந்தையைத் தூக்கிவந்த தாயும் உட்பட. 2019-ல் நியூயார்க்கில் 'வெசல்' என்ற பிரம்மாண்டக் கட்டமைப்பு திறக்கப்பட்டது. சுமார் 2,500 படிகள், மேலே ஏறிப் பார்ப்பதைத் தவிர வேறு பயன் கிடையாது. அப்போது லிஃப்ட் சில இடங்களுக்கு மட்டும்தான் போனது. ஃபின்னகன் அதன் அடியில், படி ஏற மறுப்பவர்களுக்கான ஓய்விடம் ஒன்றை நடத்தினார். உள்ளே வர ஒரே நிபந்தனை: வாழ்நாளில் இதன் ஒரு படிகூட ஏற மாட்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். ஏற முடிந்தவர்களும் கையெழுத்துப் போட்டார்கள்.

காதுகேளாத கலைஞரான கிறிஸ்டின் சன் கிம், தன் கோபத்தைக் கோணமானியால் அளப்பது போல் கரித்துண்டால் வரைந்தார். சின்ன எரிச்சல் குறுங்கோணம், பெரிய எரிச்சல் விரிகோணம், சில விஷயங்களுக்கு முழு வட்டக் கோபம். கலை உலகம், பயணம், சைகை மொழிபெயர்ப்பாளர்களோடு படும் பாடு என்று தலைப்பு வாரியாக. நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடத்தும் 'விட்னி பைனியல்' கண்காட்சியில், 2019-ல் இவை இருந்தன. அதே பைனியலில், கண்ணீர்ப்புகைக் குண்டு தயாரிக்கும் நிறுவனத்தோடு தொடர்புள்ளவர் அருங்காட்சியகத்தின் நிர்வாகக் குழுவில் இருக்கக் கூடாது என்று, தன் படைப்பைத் திரும்பக் கேட்ட எட்டுப் பேரில் கிம்மும் ஒருவர். அந்த ஜூலையிலேயே அந்த நிர்வாகி விலகினார், படைப்புகள் இருந்த இடத்திலேயே நின்றன.

சூடு ஆறிவிடாதா என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு இது பாதிப் பதில்: கூடத்துக்குள்ளேயே போராட்டம் நடக்கிறது. மீதிப் பாதி கண்ணாடிப் பெட்டியைப் பற்றியது. டெலிதான் டி-ஷர்ட், பேட்ஜ், துண்டுப் பிரசுரம், பேனர் எல்லாம் நீண்ட காலம் போராடியவர்களின் வீட்டுப் பரண்களிலும் பெட்டிகளிலும்தான் கிடந்தன. அவர்கள் இறந்தால் அதுவும் போய்விடும். 2018-ல் பிரிட்டனில் தேசிய மாற்றுத்திறனாளர் கலைத் தொகுப்பும் ஆவணக் காப்பகமும் திறக்கப்பட்டபோது இவை ஓரிடத்துக்கு வந்தன. 2022 நவம்பர் முதல் 2023 அக்டோபர் வரை மான்செஸ்டரின் மக்கள் வரலாற்று அருங்காட்சியகத்தில் 'எங்களை விட்டுவிட்டு எங்களைப் பற்றி எதுவும் வேண்டாம்' என்ற புகழ்பெற்ற முழக்கத்தின் பெயரிலேயே கண்காட்சி நடந்தது. தொழிற்சங்கப் பேனர்களுக்குப் பெயர்போன இடம் அது. எதை வைப்பது, எப்படிச் சொல்வது என்பதில் மாற்றுத்திறனாளிகளான சமூகத் தொகுப்பாளர்களே முடிவெடுத்தார்கள். தொழிலாளர் போராட்டமும் பெண்கள் வாக்குரிமையும் இருக்கும் கட்டடத்தில் இந்தப் போராட்டத்துக்கும் சுவர் கிடைத்ததை நான் சூடு ஆறிப்போனதாகப் பார்க்கவில்லை. வரலாற்றிலிருந்தே விலக்கி வைக்கப்பட்டவர்களுக்கு அருங்காட்சியகச் சுவரும் ஒரு கோரிக்கைதான்.

ஆறிப்போகும் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. முடிவெடுப்பவர்களில் மாற்றுத்திறனாளி ஒருவரும் இல்லாமல், ஒரு மாதத்துக்கு மட்டும் சுவரைக் கொடுத்துவிட்டு, அது முடிந்ததும் சாய்தளத்தையும் மடித்து வைத்துவிடும் நிறுவனங்களில். டிரஃபால்கர் சதுக்கத்தில் 2005-ல் நிறுவப்பட்ட, கர்ப்பிணியான அலிசன் லேப்பரின் பளிங்குச் சிலையைப் பலர் இந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள். கம்பீரமான சிலை, பொது இடத்தில் எந்த உடலுக்குச் சிலை வைக்கலாம் என்ற விவாதத்தை அது கிளப்பியதும் உண்மை. ஆனால் அதைச் செய்தவர் மார்க் குவின். லேப்பரே கலைஞர்தான், அவருடைய படைப்பு என்ன என்று அந்தச் சிலையைப் பார்த்தவர்களில் எத்தனை பேர் தேடிப் போயிருப்பார்கள்?

கண்காட்சி நடத்தும் எண்ணம் உங்களுக்கு இருந்தால் ஒரு வார்த்தை. ஒலி விவரிப்பு, சைகை மொழி, தொட்டுப் பார்க்கும் மாதிரிகள், உட்கார இடம், சக்கர நாற்காலியின் உயரத்தில் படிக்க முடிகிற குறிப்புகள் ஆகியவற்றுக்கான செலவை முதல் வரவுசெலவுத் திட்டத்திலேயே எழுதுங்கள். கடைசியில் மிஞ்சினால் பார்க்கலாம் என்று விட்டால் மிஞ்சாது. கரோலின் லாசார்ட் என்ற கலைஞர் 2019-ல் எழுதிய அணுகல் வழிகாட்டி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, சிறிய அமைப்புகளுக்கென்றே எழுதப்பட்டது.

பார்க்கத் தொடங்க, மேலே சொன்ன பிரிட்டிஷ் காப்பகத்தின் இணையத் தொகுப்பே நல்ல இடம். முதலில் ஹீட்டனின் உண்டியல் கோபுரம், அடுத்து டாம் ஓலினின் கேப்பிடல் படங்கள், பிறகு ஃபின்னகனின் பெஞ்சுகள் என்ற வரிசையில் பார்த்தால் தெருவிலிருந்து கட்டடத்துக்குள் இந்தக் கலை எப்படி நுழைந்தது என்பது புரியும். ஃபின்னகனும் போயானா கோக்லியாட் என்ற கலைஞரும் சேர்ந்து, பார்வையற்றவர்களுக்காகப் படங்களை விவரித்து எழுதுவதற்கு ஒரு பயிற்சிக் கையேடு தயாரித்திருக்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு இந்த மூன்றில் ஏதாவது ஒன்றைத் தமிழில் ஐந்தாறு வரியில் விவரித்து எழுதிப் பாருங்கள். சும்மா பார்த்தபோது தவறவிட்டதை எழுதும்போது பிடித்துவிடுவீர்கள்.